அம்பலம் ஏறிய ரப்பர் பூட்ஸ்

(வேல்ஸில் 2026 பொங்கல் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, அழைத்ததும் மறுக்காமல் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் கவுண்டி கவுன்சிலர் அம்மையார் அவர்களே, நமக்கு ஒவ்வோர் ஆண்டும் இந்த மண்டபத்தைத் திறந்துவிடும் பள்ளித் தலைமையாசிரியர் ஐயா அவர்களே, விடியற்காலையிலேயே எழுந்து மூன்று அண்டா பொங்கல் வைத்த சகோதரிகளே, கரும்பை எங்கிருந்தோ தேடிக் கொண்டுவந்த தம்பிமார்களே, அனைவருக்கும் வணக்கம். கவுன்சிலர் அம்மையாரின் காதருகே குனிந்து என் பேச்சை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கும் தம்பிக்குத் தனி வணக்கம். நான் வேகமாகப் போனால் கையைக் காட்டுங்கள், நிறுத்திக்கொள்கிறேன்.

உழவர் திருநாளில் இங்குள்ள உழவர்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். மூன்று செய்திகள் சொல்வேன். ஒன்று, ஒரு கிராமத்துக் குறை கார்டிஃப் விரிகுடாவில் இருக்கும் செனெத் என்னும் வேல்ஸ் சட்டமன்றத்துக்குள் எந்த வழியாகப் போகிறது. இரண்டு, அங்கே தாய்மொழியின் இடம். மூன்று, மே மாதம் வரப்போகும் புதிய தேர்தல் முறை.

'ஏழை சொல் அம்பலம் ஏறாது' என்று நம் ஊரில் சொல்வார்கள். சொல் பொய்யாக இருப்பதால் ஏறாமல் போவதில்லை. படிக்கட்டு இல்லாததால் ஏறாமல் போகிறது.

படிக்கட்டு இல்லாத காலத்துக் கதை ஒன்று உண்டு. பாலா என்ற ஊருக்குப் பக்கத்தில் ட்ரவெரின் பள்ளத்தாக்கு. அதில் கப்பெல் கெலின் என்ற சின்னஞ்சிறு கிராமம். ஒரு வழிபாட்டுக்கூடம், ஒரு பள்ளி, ஒரு அஞ்சலகம், சில வீடுகள், சில பண்ணைகள். ஊர் முழுக்க வேல்ஸ் மொழி. 1950களின் நடுவில் இங்கிலாந்திலுள்ள லிவர்பூல் நகராட்சிக்குத் தண்ணீர் தேவைப்பட்டது. பள்ளத்தாக்கை மறித்து அணை கட்டுவது என்று முடிவெடுத்தார்கள். உள்ளூர்த் திட்டக்குழுவின் அனுமதி கேட்டால் கிடைக்காது என்று தெரியும். அதனால் லண்டன் பாராளுமன்றத்தில் தனி மசோதா ஒன்றைக் கொண்டுபோனார்கள். தனி மசோதா சட்டமாகிவிட்டால் உள்ளூர் அனுமதியே வேண்டாம். கொல்லைப்புறக் கதவு என்றால் இதுதான்!

ஊர்மக்கள் சும்மா இருக்கவில்லை. 1956 நவம்பரில் பதாகைகளைப் பிடித்துக்கொண்டு லிவர்பூல் தெருக்களில் நடந்தார்கள். அவர்களுக்காக நகர்மன்றத்தில் பேச எழுந்த வேல்ஸ் தேசியக் கட்சித் தலைவர் குவின்ஃபோர் எவன்ஸைக் கூச்சல் போட்டு வெளியே அனுப்பினார்கள். 1957இல் மசோதா சட்டமானது. வேல்ஸின் 36 எம்.பி.க்களில் ஒருவர்கூட அதை ஆதரித்து வாக்களிக்கவில்லை. இருந்தும் நிறைவேறியது, ஏனென்றால் எண்ணிக்கை வேறு பக்கம் இருந்தது. கல்லறைத் தோட்டத்தைக் கான்கிரீட் போட்டு மூடினார்கள். 67 பேரில் 48 பேர் வீட்டை இழந்தார்கள். 1965 அக்டோபர் 21 அன்று திறப்பு விழா. பந்தல், பிரமுகர்கள், ஒலிபெருக்கி எல்லாம் தயார். எவரோ மைக் வயரை அறுத்துவிட்டார்கள்! விழா மூன்று நிமிடம்கூட நடக்கவில்லை. ஊர் சொல்லைக் கேட்காதவர்களின் சொல்லும் அன்றைக்கு யார் காதிலும் விழவில்லை. லிவர்பூல் நகர்மன்றம் மன்னிப்புக் கேட்டது 2005இல். நாற்பது ஆண்டு கழித்து.

அபெரிஸ்ட்வித் அருகே சாலையோரக் குட்டிச்சுவர் ஒன்றில் 'ட்ரவெரினை மறவாதீர்' என்று எழுதியிருக்கும். முதலில் எழுதியவர் இலக்கணப் பிழையோடு எழுதிவிட்டார். வேல்ஸ் மொழியில் இந்த இடத்தில் ட்ரவெரினின் முதல் எழுத்து மெலிந்து 'த்ரவெரின்' ஆக வேண்டும். நமக்கு ஒற்று மிகும், மிகாது என்பதுபோல அவர்களுக்குச் சொல்லின் தலையே மாறும். பின்னால் வந்தவர்கள் திருத்தி எழுதினார்கள். புலவர்கள் எந்த ஊரிலும் பிழையை விடுவதில்லை.

சரி, இன்றைய படிக்கட்டுக்கு வருகிறேன். 1997 பொதுவாக்கெடுப்பில் வெறும் 6,721 வாக்கு வித்தியாசத்தில் வேல்ஸுக்கென்று ஒரு மன்றம் கிடைத்தது. 1999இல் கூடியது, 2020இல் செனெத் என்று பெயர் மாறியது. வரும் மே தேர்தல் வரை நம் ஒவ்வொருவருக்கும் ஐந்து உறுப்பினர்கள்: தொகுதிக்கு ஒருவர், மண்டலத்துக்கு நால்வர். ஒரே கடிதத்தை ஐந்து பேருக்கும் காப்பி போட்டு அனுப்பாதீர்கள். இவர் பார்த்துக்கொள்வார் என்று அவரும், அவர் பார்த்துக்கொள்வார் என்று இவரும் இருந்துவிடுவார்கள்.

செவ்வாய்க்கிழமை மதியம் 1.30க்கு முதலமைச்சரிடம் கேள்வி நேரம். குலுக்கலில் தேர்வாகும் கேள்விகள்தான் பட்டியலில் வரும். இரண்டாவது கேள்வி முடிந்ததும் கட்சித் தலைவர்கள் எழுந்துவிடுவார்கள். அதிலேயே கணிசமான நேரம் கரையும். பட்டியலின் கடைசியில் இருப்பவருக்கு மணி ஓடிவிட்டால் பதில் எழுத்தில்தான் வரும். கிராமத்து உறுப்பினர்கள் இதற்கு ஒரு உத்தி வைத்திருக்கிறார்கள். பட்டியலில் போகும் கேள்வி பொதுவாக இருக்கும்: 'மத்திய வேல்ஸில் சுகாதார சேவை பற்றி முதலமைச்சர் அறிக்கை அளிப்பாரா?' இதற்கு அதிகாரிகள் எழுதிக்கொடுத்த பதிலை முதலமைச்சர் வாசிப்பார். அதன் பிறகு வரும் துணைக் கேள்விதான் உண்மையான கேள்வி. அதில் ஊர் பெயர், மூடப்போகும் மருத்துவமனை, அடுத்த மருத்துவமனைக்கு எத்தனை மைல் என்று போட்டு இறக்குவார்கள். பட்டியல் கேள்வியை மிகக் குறிப்பாக வைத்தால் பதிலும் முன்கூட்டியே தயாராகிவிடும். மிகப் பொதுவாக வைத்தால் வேறு தொகுதிக்காரர் தன் குறையோடு அதே கேள்வியில் புகுந்துகொள்வார்.

புதன்கிழமை 90 வினாடி அறிக்கை உண்டு. 90 வினாடி என்றால் 90தான். ஊர்ப் பெருமைக்கு, இரங்கலுக்கு அது சரி, குறைக்குப் போதாது. அன்று அலுவல்களின் கடைசியில் குறுவிவாதம் வரும். அதைக் கொண்டுவரும் உறுப்பினர் தன் நேரத்தில் ஒரு நிமிடத்தை எதிர்க்கட்சி நண்பருக்கும் விட்டுக்கொடுப்பது அங்கே வழக்கம். அமைச்சர் கட்டாயம் பதில் சொல்ல வேண்டும். அதற்குள் பாதி நாற்காலி காலியாகியிருக்கும், ஆனால் பதிவேட்டில் ஏறிவிடும்.

இனி அந்த பூட்ஸ். 2023 டிசம்பரில் நிலைத்த வேளாண்மைத் திட்டம் என்று அரசு ஒரு வரைவை வெளியிட்டது. மானியம் வேண்டுமென்றால் பண்ணையில் 10 விழுக்காடு மரம், 10 விழுக்காடு இயற்கை வாழிடம் என்று நிபந்தனை. மலைச்சரிவில் ஆடு மேய்ப்பவரிடம் பத்தில் ஒரு பங்கு நிலத்தில் மரம் வை என்றால், மந்தையைக் குறை என்றுதான் அவர் காதில் விழும். வெல்ஷ்பூல் சந்தையிலும் கார்மார்தன் சந்தையிலும் விவசாயிகள் பெரும் கூட்டமாகத் திரண்டார்கள். 2024 பிப்ரவரி 28 அன்று ஆயிரக்கணக்கானோர் செனெத் முன் நின்றார்கள். கோஷம் போட்டார்கள், கலைந்தார்கள். அதோடு நின்றிருந்தால் 'ஏழை சொல் அம்பலம் ஏறாது' என்பதுதான் மிச்சம்.

ஒரு வாரம் கழித்து, மார்ச் 6 அன்று, தேசிய விவசாயிகள் சங்கத்தின் வேல்ஸ் கிளையான என்.எஃப்.யூ. கம்ரி 5,500 ஜோடி ரப்பர் பூட்ஸைக் கொண்டுவந்து அந்தப் படிகளில் வரிசையாக வைத்தது. காலே இல்லாத பூட்ஸ். ஏன் 5,500? விவசாயிகள் கற்பனையாகச் சொன்ன கணக்கு அல்ல அது. அரசே வெளியிட்ட தாக்க மதிப்பீட்டில் பண்ணை வேலை 11 விழுக்காடு, அதாவது 5,500 பேருக்குரிய வேலை, குறையலாம் என்று இருந்தது. கால்நடை அலகுகள், அதாவது பல வகைக் கால்நடைகளை ஒரே அளவையில் எண்ணும் கணக்கு, 1,22,200 குறையலாம் என்றும் இருந்தது. அந்த மாதிரிக் கணக்கு திட்டத்தின் பழைய வடிவத்தை வைத்துப் போட்டது என்று அரசு சொன்னது, அதிலும் நியாயம் உண்டு. ஆனால் எண் அரசினுடையது, பூட்ஸ் ஊராருடையது. இரண்டும் ஒரே படியில் நின்றால் எந்த உறுப்பினரும் தாண்டிப் போக முடியாது. கலந்தாய்வுக்கு 12,000க்கு மேல் பதில்கள் குவிந்தன. மே மாதம் அமைச்சர் ஹியூ இரங்கா-டேவிஸ் திட்டத்தை ஓராண்டு தள்ளிவைத்தார். 2025 ஜூலையில் வந்த இறுதி வடிவில் 10 விழுக்காடு மர நிபந்தனை இல்லை. வாழிட நிபந்தனை இருக்கிறது. இந்த மாதம் 1ஆம் தேதி திட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது.

இதனால்தான் எந்த மேடையில் ஏறினாலும் ஒரே பாட்டைப் பாடுகிறேன்: மனு எழுதுங்கள், எண்ணோடு எழுதுங்கள். செனெத்தில் மனு தொடங்கக் குடியுரிமை கேட்பதில்லை, வேல்ஸில் குடியிருந்தால் போதும். விசாவில் இருக்கும் நர்ஸ் தங்கையும் தொடங்கலாம். 250 கையெழுத்து சேர்ந்தால் மனுக்குழு எடுத்துப் பார்க்கும். 10,000 தாண்டினால் அவையில் விவாதிக்கலாமா என்று பரிசீலிக்கும். மணிக்கு 20 மைல் வேக வரம்பை எதிர்த்த மனுவுக்குக் கிட்டத்தட்ட 4,70,000 கையெழுத்து விழுந்தது. அது எல்லோருக்கும் வாய்க்காது, 250 வாய்க்கும்.

மனு எங்கே கவிழ்கிறது தெரியுமா? வாசலைத் தப்பாகத் தட்டும்போது. விசா கட்டணத்தைக் குறை என்று செனெத்துக்கு எழுதினால் திருப்பிவிடுவார்கள், அது லண்டன் அதிகாரம். பண்ணை வாரிசு வரியும் அப்படித்தான், காவல் துறையும் அப்படித்தான். மருத்துவமனை, பள்ளி, பேருந்து, வேளாண்மை ஆகியவை செனெத். குப்பை எடுக்கும் கிழமை நம் கவுன்சிலர் அம்மையாரிடம். அவர் சிரிக்கிறார், மொழிபெயர்ப்பு நன்றாகவே போகிறது! அடுத்த தப்பு, 'பேருந்து வசதி சரியில்லை' என்று எழுதுவது. மாலை 6.10க்குப் பிறகு பேருந்து இல்லை, இரவுப் பணிக்குப் போகும் பதினோரு பேர் டாக்சி பிடிக்கிறார்கள், ஒரு நடைக்கு இவ்வளவு ஆகிறது என்று எழுதுங்கள். உறுப்பினர் துணைக் கேள்வியில் அதை அப்படியே படித்துவிடலாம். அவருக்கு நேரம் குறைவு. நம் வாக்கியம் தயாராக இருந்தால்தான் எடுத்துக்கொள்வார். 'ஏழை சொல் அம்பலம் ஏறாது' என்றார்கள். ஏழையின் கணக்கு ஏறும் ஐயா!

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். மொழி பற்றி விரிவாகப் பேச நினைத்தேன். அவையில் வேல்ஸ் மொழியில் பேசினால் எல்லோர் காதிலும் ஆங்கிலம் ஒலிக்கும், பார்வையாளர் மாடத்திலும் காதொலிப்பான் தருவார்கள் என்பதோடு நிறுத்துகிறேன். மூன்றாவது செய்திக்கும் நேரமில்லை. மே 7 தேர்தலில் உறுப்பினர்கள் 60இலிருந்து 96 ஆகிறார்கள். பதினாறு தொகுதிகள், தொகுதிக்கு ஆறு பேர், நமக்கு ஒரே ஓட்டு. தொகுதிகள் பெருத்துவிட்டன. குவினெத் மால்த்வின் என்ற ஒன்று லீன் தீபகற்பத்திலிருந்து இங்கிலாந்து எல்லை வரை நீள்கிறது. ஆறு பேரில் யாரிடம் போவது என்பதை இன்னொரு நாள் பேசுவோம்.

பதினாறு வயது நிறைந்தவர்கள் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க ஏப்ரல் 20 கடைசி. மாதிரி மனுப்படிவம் வாசலில் செருப்பு வைத்திருக்கும் இடத்துக்குப் பக்கத்து மேசையில் இருக்கிறது, தமிழில் ஒரு பக்கம், ஆங்கிலத்தில் ஒரு பக்கம். பேனாவும் வைத்திருக்கிறோம். எழுதி முடித்ததும் பேனாவை மட்டும் திருப்பி வைத்துவிட்டுச் சாப்பிடப் போங்கள். வணக்கம்.