வியாசர்பாடிக்கு ஒரு பகல் மையம் வேண்டும்

தலைவர் அவர்களே, வேலை நாளிலும் நேரம் ஒதுக்கி வந்த கவுன்சிலர் அம்மா அவர்களே, மருத்துவர் அவர்களே, மைக் செட்டுக்கு வாடகை வேண்டாம் என்ற தம்பி அவர்களே, வியாசர்பாடிப் பெரியோர்களே, தாய்மார்களே! யார் பெயராவது விட்டுப்போயிருந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மனச்சிதைவு, அதாவது யாரும் பேசாமலே காதில் குரல் கேட்பது போன்ற தொல்லை தரும் ஸ்கிசோஃப்ரினியா நோய் உள்ள வீட்டில் பேச்சு, மாத்திரை, சட்டம் என்று மூன்றைப் பற்றிப் பேச வந்தேன். முதலில் பேச்சு. வீட்டுக்கு வீடு வாசற்படி என்பார்கள். நம் பக்கம் வாசற்படிக்கே இடமில்லாத வீடுகளும் உண்டு, அது வேறு கதை.

லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற சமூக ஆய்வாளரின் குழுவினர், இந்த நோய்க்காகச் சேர்ந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். குத்தல் பேச்சும் வெறுப்பும், அளவு மீறிப் பொத்திப் பொத்திப் பார்ப்பதும் இருந்த வீடுகளில் நோய் திரும்புவது அதிகமாக இருந்தது. வாரத்துக்கு 35 மணி நேரத்துக்கு மேல் அப்படிப்பட்ட வீட்டாரோடு முகம் பார்த்து இருந்தால் ஆபத்து இன்னும் கூடும். பத்துக்குப் பத்து அறையில் அந்தக் கணக்கு புதன்கிழமைக்குள் தீர்ந்துவிடுமே! ஆனால் ஒன்று, பேச்சால் இந்த நோய் வருவதில்லை. பெற்றவளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள்.

எங்கள் கேரம் கிளப்புக்கு ஒரு பையன் வருவான். சென்னையில் இந்த நோய் உள்ளவர்களிடம் பேசி 2015இல் வெளியான ஓர் ஆய்வு, பலருக்குக் காதில் கேட்பது சொந்தக்காரர் குரல், அதுவும் வீட்டு வேலை ஏவும் குரல் என்கிறது. அந்தப் பையனுக்குக் கேட்பதும் செத்துப்போன தாத்தாவின் குரல். அம்மாவோ காலையிலிருந்து, "மாத்திரை போட்டியா, குளிச்சியா?" ஒருநாள் சொன்னான்: "உள்ள தாத்தா, வெளிய அம்மா, ரெண்டு பேரும் குளிக்கத்தாண்ணே சொல்றாங்க." அண்ணன்காரன் கதை தனி. "வேலைக்குப் போகச் சோம்பல், நடிக்கிறான்" என்பான். ஒரு சாயங்காலம் தம்பியைக் கூட்டிப்போக வந்தவனை, "ஒரு போர்டு ஆடிட்டுப் போப்பா" என்று உட்கார வைத்தோம். தம்பி சிவப்பைப் போட்டு, ஃபாலோவும் போட்டு, போர்டை முடித்துவிட்டான். "எப்படிடா?" என்றான் அண்ணன். "நடிச்சேன்" என்றான் தம்பி.

கேரம் நோயைத் தீர்த்தது என்று நான் சொல்லவில்லை. மாத்திரையை அவன் விடவில்லை. ஆனால் அந்த நேரத்தில் அம்மாவும் மூச்சு விட்டாள், அவனும் விட்டான். வீட்டுக்கு வீடு வாசற்படி சரி, அதைத் தாண்டிப் போக ஓர் இடம் வேண்டாமா? கவுன்சிலர் அம்மா, தெருக்கோடியில் பூட்டிக் கிடக்கும் கட்டடத்தைத் திறந்து பகல் மையம் ஆக்குங்கள். சமூகத்தோடு வாழும் உரிமையை 2017 மனநலப் பராமரிப்புச் சட்டமே தருகிறது. சட்டத்தை விரித்துப் பேச ஆசைதான், தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். அவசரத்துக்கு 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம்.

மனு வாசலில் மேசைமேல் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டு அப்புறம் டீ குடியுங்கள். வணக்கம்.