பெட்ரோல் டின்னும் லாரிச் சிப்பாயும்

நேயர்களுக்கு வணக்கம். இரண்டாம் உலகப் போரில் 1940 முதல் 1943 வரை வட ஆப்பிரிக்காவில் நடந்த பாலைவனப் போரைப் பற்றிப் படித்தவர்களுக்கு ஜெர்மனியின் ரோமல், பிரிட்டனின் மாண்ட்கோமரி என்னும் இரண்டு தளபதிகளின் பெயர்களும், டாங்கிகள் மோதிக்கொண்ட எகிப்தின் எல் அலமைன் போர்க்களமும் நினைவில் இருக்கும். அந்த டாங்கிகளுக்குப் பெட்ரோலும் குண்டும், அவற்றில் இருந்தவர்களுக்குத் தண்ணீரும் ரொட்டியும் கொண்டுபோய்ச் சேர்த்த லாரிச் சிப்பாயின் பெயர் எந்தப் பாடப்புத்தகத்திலும் வருவதில்லை. பல ஆண்டுகளாக நான் விடாமல் படித்துவருவது அந்தச் சிப்பாயைப் பற்றித்தான்; இன்று அவனுடைய ஒரு நாளைச் சொல்ல முயல்கிறேன்.

எகிப்தின் அலெக்சாண்டிரியாவிலிருந்து லிபியாவின் டோப்ரூக் துறைமுகம் ஏறக்குறைய அறுநூறு கிலோமீட்டர். கடலோரமாக ஒரே ஒரு தார்ச்சாலை. அதை விட்டுத் தெற்கே இறங்கினால் சரளையும் மணலும்தான். குடிக்கவோ, தின்னவோ, எரிக்கவோ அந்த நிலத்தில் எதுவும் கிடைக்காது. ஆகவே ஒரு படை எவ்வளவு தூரம் முன்னேறுகிறதோ, அவ்வளவு தூரத்துக்கு அதன் பின்னால் லாரிகள் ஓடியாக வேண்டும். அந்த லாரிகளும் பெட்ரோல் குடிக்கும் என்பதைத் தயவுசெய்து மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், இந்தக் கணக்குக்குத் திரும்பத் திரும்ப வரப்போகிறேன்.

கான்வாய், அதாவது வரிசையாகச் செல்லும் லாரிக் கூட்டம்; அதிலிருந்த பிரிட்டிஷ் தரப்புச் சிப்பாயின் நாள் விடியலுக்கு முன்பே தொடங்கிவிடும். இரவில் காவலுக்கு வசதியாக நெருக்கமாக நிறுத்தப்பட்டிருந்த லாரிகள், வெளிச்சம் வருவதற்குள் சிதறிவிட வேண்டும். பகலில் ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் நூறு இருநூறு கஜம் இடைவெளி இருக்கும். மேலிருந்து தாக்கும் விமானம் ஒரே பாய்ச்சலில் இரண்டு வண்டிகளை அடித்துவிடக் கூடாது என்பதற்காக. முன் கண்ணாடி வெயிலில் மின்னிக் காட்டிக்கொடுத்துவிடும் என்று பலர் அதைக் கழற்றியே வைத்துவிட்டார்கள். அதன் விலையாக, முன்னால் போகும் வண்டி கிளப்பும் புழுதி முழுவதையும் முகத்தில் வாங்கிக்கொண்டார்கள். மணலில் சக்கரம் புதைந்தால் டயரில் காற்றைக் குறைப்பார்கள். அதற்கும் அசையாவிட்டால், வண்டியோடு கொண்டுவந்த இரும்புத் தகடுகளைச் சக்கரத்துக்கு அடியில் கொடுத்து, மண்ணை வாரித் தள்ளி, நாலு கெஜம் நகர்த்தி, மறுபடியும் தகட்டை எடுத்து முன்னால் போடுவார்கள். வெயில் உச்சியில் நிற்கும்போது இதை ஒரு மணி நேரத்தில் மூன்று தடவை செய்த பிறகு ஒரு மனிதனுக்கு எவ்வளவு தாகம் எடுக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

தண்ணீர் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு காலன், அதாவது நாலரை லிட்டர்; நிலைமை மோசமானால் அதிலும் பாதி. குடிப்பது, சமைப்பது, கழுவுவது எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். முகம் மழித்த தண்ணீரைக் கொட்ட மாட்டார்கள். துணியில் வடிகட்டி லாரியின் ரேடியேட்டருக்கு ஊற்றுவார்கள். மனிதன் கழுவிய மிச்சத்தை இயந்திரம் குடித்தது.

இனி, என் நெஞ்சுக்கு நெருக்கமான விஷயத்துக்கு வருகிறேன். இதைத் தொடங்கினால் நான் நிறுத்த மாட்டேன் என்பது என் நண்பர்களின் புகார். அது பெட்ரோல் டின். எண்ணெய்க் கடைகளில் பதினைந்து கிலோ எண்ணெய் வரும் சதுரத் தகர டின்னை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஏறக்குறைய அப்படிப்பட்ட, நாலு காலன் பிடிக்கும் மெல்லிய தகர டின்னில்தான் பிரிட்டிஷ் படை பெட்ரோலை அனுப்பியது. லாரியில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, சரளைத் தரையில் முந்நூறு கிலோமீட்டர் குலுக்கிக் கொண்டுபோனால் அந்த டின்னின் ஒட்டுகள் என்ன ஆகும்? கசிந்தன. தலைமைக் கிடங்கில் ஏற்றிய பெட்ரோலில் முப்பது சதவீதம் வரை, பயன்படுத்துகிறவன் கையை எட்டும் முன்பே போய்விட்டது என்று பிரிட்டிஷ் தளபதி ஆக்கின்லெக்கே கணக்குச் சொன்னார். முன்பு சொன்ன கணக்கை இத்துடன் சேர்த்துப் பாருங்கள்: லாரி தானும் பெட்ரோல் குடிக்கிறது, சுமையும் வழியெல்லாம் ஒழுகுகிறது. ஒழுகும் பெட்ரோல் ஆவியாகி நிறைந்திருக்கும் வண்டியின் முன்னிருக்கையில்தான் நம் சிப்பாய் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தான்.

காலியான டின்னைச் சிப்பாய் விட்டானா? இரண்டாக வெட்டினான். ஒரு பாதியில் மணலைப் போட்டுப் பெட்ரோலை ஊற்றிக் குழம்பாகக் கிளறித் தீ வைத்தால் அது அடுப்பு. மறு பாதியில் தண்ணீரை ஊற்றி மேலே வைத்தால் அது தேநீர்ப் பாத்திரம். லிபியாவின் பெங்காசி நகரின் பெயரால் பெங்காசி அடுப்பு என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. கான்வாய் நிற்க உத்தரவு வந்த சில நிமிடங்களில் தேநீர் கொதிக்கும். தேயிலை, சர்க்கரை, டின் பால் எல்லாம் நேராக உள்ளே விழும். வெயிலில் உருகிக் கொழகொழத்த டின் மாட்டிறைச்சியும், பல்லுக்குச் சவாலான பிஸ்கட்டும், ஜாமின் மேல் மொய்க்கும் ஈயும் பிரிட்டிஷ் சிப்பாயின் உணவு. இந்தியச் சிப்பாய்களுக்கு ஆட்டாவும் பருப்பும் நெய்யும் தனியாக வந்தன.

ஜெர்மானியரிடம் இருந்தது வேறு பாத்திரம்: இன்று நாம் ஜெர்ரி கேன் என்கிறோமே, அது. இருபது லிட்டர் பிடிக்கும், பற்றவைத்த ஒட்டு, திறக்க மூட ஒரு நெம்புகோல் மூடி, ஸ்பானர் வேண்டாம், புனலும் வேண்டாம். மேலே மூன்று கைப்பிடிகள் இருந்ததால் காலிக் கேன்கள் இரண்டை ஒரே கையில் தூக்கலாம், நிறைந்த கேனை வரிசையில் நின்று கைமாற்றலாம். உள்ளே காற்றுக்கு இடம் விட்டிருந்ததால் வெயிலில் பெட்ரோல் விரிந்தாலும் வெடிக்காது, கடலில் விழுந்தாலும் மிதக்கும். பிரிட்டிஷ் சிப்பாய் ஒரு ஜெர்மன் கேன் கையில் அகப்பட்டால் விடமாட்டான்.

இதில் இந்தியாவுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1939இல் பால் பிளைஸ் என்னும் அமெரிக்கப் பொறியாளர், பெர்லினிலிருந்து இந்தியாவுக்குக் காரிலேயே புறப்பட்டார். உடன் வந்த ஜெர்மன் சகா, வழியில் தண்ணீருக்கென்று ராணுவக் கிடங்கிலிருந்து மூன்று கேன்களை எடுத்துவந்திருந்தார். பயணம் முடிந்து, காரைக் கல்கத்தாவில் விட்டுவிட்டு பிளைஸ் ஊர் திரும்பினார். இப்படி ஒரு பாத்திரம் இருக்கிறது என்று அமெரிக்க ராணுவத்திடம் சொன்னார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கல்கத்தாவிலிருந்த காரைக் கேன்களோடு கப்பலில் வரவழைத்து, 1940இல் மாதிரியையே காட்டினார். அப்போதும், முதல் உலகப் போர்க் காலத்துப் பத்து காலன் டின்னே போதும் என்றார்கள். அதைத் திறக்க ஸ்பானரும் ஊற்றப் புனலும் வேண்டும் என்பதை மேசையில் உட்கார்ந்திருந்தவர்கள் பெரிதாக எண்ணவில்லை. மணல்காற்று வீசும்போது புனலைப் பிடித்துக்கொண்டு பெட்ரோல் ஊற்றியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பின்னால் அமெரிக்காவும் பிரிட்டனும் அதே வடிவத்தைக் கோடிக்கணக்கில் செய்தன என்பது வேறு கதை.

இந்தப் பாலைவனத்தில் நான்காம் இந்திய டிவிஷனும் இருந்தது; 1940 டிசம்பரில் எகிப்தின் சிடி பர்ரானியில் இத்தாலியப் படையைத் தாக்கியதில் அதற்குப் பெரும்பங்கு. மதராஸ் சாப்பர்கள் என்னும் ராணுவப் பொறியியல் படையினரும் அதில் இருந்தார்கள். குதிரையும் கோவேறு கழுதையும் பழகிய ராணுவம் சில ஆண்டுகளில் லாரிக்கு மாறியது; படையில் சேர்ந்த பிறகுதான் முதன்முதலாக ஸ்டியரிங்கைப் பிடித்த ஓட்டுநர்கள் ஏராளம்.

நேரம் நெருங்கிவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். இரவு ஓட்டத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். விளக்கே போடக் கூடாது. லாரியின் பின் அச்சின் நடுவிலிருக்கும் உருண்டைக்கு வெள்ளை வண்ணம் பூசி, அதன் மேல் மட்டும் விழும்படி வண்டிக்கு அடியில் ஒரு சிறு பல்பை வைத்திருப்பார்கள். பின்னால் வருகிறவன் இரவெல்லாம் அந்த வெள்ளைப் பொட்டையே பார்த்துக்கொண்டு ஓட்ட வேண்டும். கண் செருகினால் பாதை போயிற்று, அவன் பின்னால் வரும் வண்டிகளும் போயின.

எதிர்த் தரப்பின் கதைக்கும் நேரமில்லை. ரோமலின் லாரிகள் திரிப்போலியிலிருந்து பெங்காசிக்கே ஆயிரம் கிலோமீட்டர் ஓட வேண்டியிருந்தது. கொண்டுவந்த பெட்ரோலில் கணிசமான பங்கை அவையே குடித்தன. 1942இல் அவர் ஓட்டிய லாரிகளில் பெரும்பகுதி பிரிட்டிஷாரிடமிருந்து பிடித்தவை; உதிரிப் பாகம் கிடைக்காமல் அவருடைய ஓட்டுநர்கள் திண்டாடிக்கொண்டிருந்தபோது, அந்தப் பக்கத்தில் பிரிட்டிஷ் ஓட்டுநர்கள் அவருடைய கேன்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். வாய்ப்புக்கு நன்றி, வணக்கம்.