பத்து டொலர் சிவப்பு மிட்டன்ஸுக்கு 14.68 குடுத்த கதை

வணக்கம், எல்லாரும் எப்பிடி இருக்கிறியள்? இண்டைக்கு மீன்குழம்பு எண்டு சொன்னனான், மீன் இன்னும் ஃப்ரீசருக்கைதான் கிடக்கு, கொமென்ட்டிலை பேசாதேங்கோ. அதைவிட அவசரமான அலுவல் ஒண்டு வந்திட்டுது. இஞ்சை பாருங்கோ. இதை ஞாபகம் இருக்கோ? சிவப்புக் கம்பளி, உள்ளங்கையிலை வெள்ளை மேப்பிள் இலை, பின்பக்கம் அஞ்சு வளையம். 2010 வான்கூவர் ஒலிம்பிக் மிட்டன்ஸ், அதுதான் பெருவிரல் மட்டும் தனியா நிக்கிற கையுறை!

நேற்று ஒரு பழைய சாமான் கடையிலை கிடந்தது. பெயர் சொல்லமாட்டன். விலையைப் பாத்தன்: 12.99. எனக்கு விசர் வந்திட்டுது. ஏனெண்டா 2010இலை இது புதுசாவே பத்து டொலர். பத்து! ஆரோ பதினைஞ்சு வருஷத்துக்கு மேலை போட்டு, பெருவிரலிலை ஓட்டையும் விழுந்து, சும்மா குடுத்திட்டுப் போன சாமான். அதுக்கு 12.99, அதுக்குமேலை 13 வீதம் வரி, மொத்தம் 14.68. என்ன, 'விடு அக்கா, வாங்காட்டிப் போ' எண்டுதானே நினைக்கிறியள். வாங்கினன். நான் எப்ப வாங்காமல் வந்திருக்கிறன்? அந்த உடைஞ்ச இட்லிச் சட்டி வீடியோ பாத்தவைக்குத் தெரியும்.

ஏன் வாங்கினன் எண்டு சொல்லுறன். அப்ப நாங்கள் பேஸ்மென்டிலை வாடகைக்கு இருந்தனாங்கள். ஸ்காபரோ டவுன் சென்டரிலை இருந்த ஹட்சன்ஸ் பே கடைக்கு மூண்டு தரம் போயும் 'முடிஞ்சுது' எண்டவை. நாலாம் தரம்தான் கிடைச்சது. பே தான் அப்ப கனடா அணிக்கு உடுப்புக் குடுத்த ஸ்பொன்சர். இந்த மிட்டன்ஸிலை வாற காசிலை ஒரு பங்கு விளையாட்டு வீரருக்குப் போகும். தங்கம் எடுத்தா கனடா ஒலிம்பிக் கமிட்டி 20,000 டொலர் குடுக்கும், சரி. ஆனா அதை எடுக்கிறதுக்கு முதல் நாலு வருஷம் பயிற்சி, பயணம், கோச், அதுக்கெல்லாம் ஆர் குடுக்கிறது? அந்தப் பத்து டொலரிலை எனக்கும் ஒரு பங்கு எண்டு ஒரு பெருமை. சிரிக்காதேங்கோ.

அந்த வருஷம் அலெக்ஸாண்டர் பிலோடோ, பனிச் சறுக்கிலை அந்த மேடு பள்ளம் பாயிற போட்டி இருக்கெல்லோ, அதிலை தங்கம் எடுத்தார். கனடா தன்ர மண்ணிலை எடுத்த முதல் ஒலிம்பிக் தங்கம் அதுதான். 1976 மொன்றியலிலையும் 1988 கல்கரியிலையும் ஒண்டுகூட இல்லை, நம்புவியளோ? கடைசியிலை 14 தங்கம். கடைசி நாள் ஹொக்கி, அமெரிக்காவோடை 2-2, ஓவர்டைம், சிட்னி கிராஸ்பி அடிச்சார் ஒரு கோல்! நாங்கள் கத்தின கத்திலை மேல் வீட்டுக்காரர் கீழை ஓடி வந்திட்டார், தண்ணிக் குழாய் வெடிச்சுதாக்கும் எண்டு. கையிலை இந்த மிட்டன்ஸ். வீட்டுக்குள்ளை! கையை உயத்தினா இலைதான் தெரியும், பாருங்கோ, அதுதான் இதின்ர வடிவே.

ஓ, ஒண்டு விட்டிட்டன். இப்ப அணிக்கு உடுப்புக் குடுக்கிறது லுலுலெமன். 2022 பெய்ஜிங்கிலை துவங்கி 2028 லொஸ் ஏஞ்சலிஸ் வரைக்கும். ஆனா 2010இலை அவை ஸ்பொன்சர் இல்லை, வான்கூவர் கொம்பனியா இருந்தும். ஸ்பொன்சர் இல்லாட்டி ஒலிம்பிக் எண்ட சொல்லையே பாவிக்க ஏலாது. என்ன செய்தவை தெரியுமோ? உடுப்பை இறக்கி அதுக்கு வைச்ச பெயர், '2009க்கும் 2011க்கும் இடையிலை பிரிட்டிஷ் கொலம்பியாவிலை நடக்கிற கூலான விளையாட்டு நிகழ்ச்சி' பதிப்பு! உண்மையா. ஒலிம்பிக் நடத்தினவைக்குச் சரியான கோவம். எனக்கெண்டா அந்தக் குறும்பு நல்லாப் பிடிச்சது. இப்ப அவையே ஸ்பொன்சர். உடுப்பு தரம்தான், அதை மறுக்கேலாது. ஆனா அவையின்ர ஜாக்கெட் ஒண்டின்ர விலையைப் பாத்திட்டு நான் திருப்பி மாட்டிப்போட்டு வந்தனான். பத்து டொலருக்கு என்னைப் போலை ஆக்கள் வாங்கக்கூடிய ஒண்டை விடுங்கோவன்!

பே ஒண்டும் சுத்தம் இல்லை, டோக்கியோ நிறைவு விழாவுக்கு சுவரிலை கிறுக்கின மாதிரி ஒரு டெனிம் ஜாக்கெட் குடுத்தவை, ஐயோ. ஆனாலும் 1670இலை துவங்கின கொம்பனி, 2025 ஜூனிலை கடையெல்லாம் பூட்டியாச்சு. பே கம்பளிப் போர்வையிலை இருக்கிற அந்தக் கலர்க் கோடு, பெயர் எல்லாத்தையும் ரயர், வீட்டுச் சாமான் விக்கிற கனேடியன் ரயர் 30 மில்லியன் டொலருக்கு வாங்கிட்டுது. ரயர் கடையிலை கம்பளிப் போர்வை, என்ன செய்யிறது.

சரி, இப்ப உங்களுக்குப் போட்டுக் காட்டுறன். இடது கை... இந்தா, இலை உள்ளங்கையிலை. வலது... பொறுங்கோ. பொறுங்கோ. இலை ஏன் பின்பக்கம் வருது? மாத்திப் போடுறன். இல்லை. இது... ரெண்டும் இடது கையடா! ரெண்டு பிள்ளையள் இருந்த வீட்டிலை மாறுப்பட்டிருக்கு. நூலாலை சேத்துக் கட்டி 12.99 ஒட்டி வைச்சிருக்கினம், அதுவும் திருப்பி எடுக்கமாட்டினம்!

ஆரிட்டையாவது ரெண்டு வலது கை கிடந்தா கீழை எழுதுங்கோ. மார்க்கம் ரோட்டுப் பக்கமெண்டா நானே வந்து எடுக்கிறன்.