மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கு

நேயர்களுக்கு வணக்கம். ரேடியோவைக் கேட்டுக்கொண்டே ஒரு காரியம் செய்யுங்கள். வலது கையை மல்லாக்க வையுங்கள். கட்டைவிரல் நுனியையும் சுண்டுவிரல் நுனியையும் சேர்த்து, மணிக்கட்டை லேசாக உள்பக்கம் மடக்குங்கள். நடுவில் கயிறு மாதிரி ஒன்று புடைத்து நிற்கிறதா? அது நரம்பு அல்ல, தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண். சிலருக்குப் பிறவியிலேயே இருக்காது, பயப்பட வேண்டாம். அது இல்லாமலே கை நன்றாக வேலை செய்யும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருகிறேன்.

நான் பிசியோதெரபி பார்ப்பவன். எறிகிற கை எப்படிக் கெடுகிறது என்பதைப் பேஸ்பாலைப் பார்த்துத்தான் கற்றேன். கிரிக்கெட்டில் முழங்கையை மடக்கி நீட்டிப் பந்து வீசினால் நடுவர் விடமாட்டார். பேஸ்பாலில் பந்து எறிபவர், அதாவது பிட்ச்சர், மடக்கிய கையைச் சாட்டை மாதிரி சொடுக்குகிறார். முழங்கையை இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை ஷாக் அடிக்குமே, அந்த இடத்தை ஒட்டி, எலும்பை எலும்போடு கட்டி வைக்கும் ஒரு தசைநார் இருக்கிறது. ஒவ்வொரு சொடுக்கிலும் இழுபடுவது அதுதான்.

டாமி ஜான் என்று ஓர் இடதுகைப் பிட்ச்சர், லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் அணிக்காரர். 1974 ஜூலை 17, ஆட்டத்தின் நடுவே ஒரு பந்து எறிந்தார், முழங்கையில் அந்தத் தசைநார் போய்விட்டது. அந்தக் காலத்தில் அது போனால் ஆட்டமும் போனது, அவ்வளவுதான். டாக்டர் ஃபிராங்க் ஜோப் ஒரு வழி யோசித்தார். நீங்கள் இப்போது தொட்டுப் பார்த்தீர்களே, அதே தசைநாணை வலது கையிலிருந்து எடுத்து, இடது முழங்கை எலும்புகளில் துளையிட்டு, அதற்குள் கோத்துக் கட்டினார். தேறுவதற்கு நூற்றில் ஒரு வாய்ப்புதான் என்று முன்னாடியே சொல்லிவிட்டார். பிறகு நரம்பு பாதித்து இரண்டாவது அறுவை சிகிச்சையும் நடந்தது. 1975 முழுக்க ஓர் ஆட்டம்கூட இல்லை. 1976-இல் திரும்பி வந்தார். அடிபடுவதற்கு முன் அவர் கணக்கில் 124 வெற்றிகள், பிறகு 164. கடைசி ஆட்டம் 1989-இல், 46 வயதில்!

இந்தக் கதையை எங்கே போனாலும் சொல்வேன், ஒரு காரணத்துக்காக. டாமி ஜான் வேகத்துக்குப் பேர் போனவர் அல்ல. அவருடைய பந்து கடைசியில் தாழ்ந்து இறங்கும், அடிப்பவர் அதைத் தரையோடு தட்டுவார். வேகத்தை நம்பாத கை அது. இன்று நிலைமை வேறு. 2008-இல் அமெரிக்கப் பெரிய லீக்கில் வேகப்பந்தின் சராசரி மணிக்குச் சுமார் 147 கிலோமீட்டர். 2024-இல் 151-ஐத் தாண்டிவிட்டது. முழு மூச்சில் வேகத்தைத் துரத்துவதுதான் காயங்களுக்குப் பெரிய காரணம் என்று அந்த லீக் நடத்திய ஆய்வே சொல்கிறது.

பள்ளி அணியில் பேஸ்பால் ஆடும் பையன் ஒருவன் என்னிடம் வந்தான். "வலி இல்லை சார், ஸ்பீடுதான் குறைஞ்சுடுச்சு" என்றான். முழங்கையை மடக்கச் சொல்லி, பால் கறக்கிற மாதிரி கட்டைவிரலைப் பிடித்து மெல்ல இழுத்தேன். வாயைத் திறக்கவில்லை, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இன்னும் பலமாக எறி என்றுதான் அதுவரை எல்லோரும் அவனிடம் சொல்லியிருந்தார்கள். முன்கைத் தசை களைத்தால் பாரம் முழுக்கத் தசைநாரில் இறங்கும். வேகம் குறைகிற அன்றைக்கு வேண்டியது ஓய்வு. திரும்பவும் சொல்கிறேன், ஓய்வு.

இந்த அறுவை சிகிச்சை செய்துகொண்டால் வேகம் கூடும் என்று நம்புகிற பெற்றோரும் உண்டு. அதனால் வேகம் அதிகரிக்காது. உத்தரப் பிரதேசத்தில் ஈட்டி எறிந்துகொண்டிருந்த ரிங்கு சிங், கிரிக்கெட் ஆடும் ரிங்கு சிங் அல்ல, இவர் வேறு, 2008-இல் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியில் ஒப்பந்தமானார். 2013-இல் அவருக்கும் இதே அறுவை சிகிச்சை. அதன்பின் அவரால் பேஸ்பாலுக்குத் திரும்ப முடியவில்லை.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். தோள்பட்டையைப் பற்றிப் பேச நினைத்திருந்தேன், இன்று முடியாது. அளவை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: அமெரிக்க வழிகாட்டுதலின்படி 9, 10 வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளில் அதிகபட்சம் 75 பந்து, 11, 12 வயதுக்கு 85. வருஷத்தில் நான்கு மாதமாவது எறியவே கூடாது. சுண்டுவிரல் மரத்துப்போனால் தைலம் தேய்த்துக்கொண்டு இருக்காமல் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். வணக்கம்.