மாஸ்டர் சாவி யாரிடம்?

(டெக்சாஸில் தமிழ்ப் பெற்றோர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். பள்ளியில் துப்பாக்கிச் சூடு என்று பேச்செடுத்தாலே நாம் நேராகத் துப்பாக்கிச் சட்டத்துக்குப் போய்விடுவோம். அதுவும் பேச வேண்டியதுதான், ஆனால் இன்றைக்கு வேண்டாம். நான் பேச வந்தது பூட்டு, சாவி, ரேடியோ பற்றி.

யுவால்டி நமக்குத் தூரத்து ஊர் இல்லை. சான் ஆன்டோனியோவிலிருந்து மேற்கே ஒன்றரை மணி நேரக் கார்ப் பயணம்தான். 2022 மே 24 அன்று அங்கே ராப் தொடக்கப் பள்ளியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் கொல்லப்பட்டார்கள். போலீஸ் தாமதமாக வந்தது என்று பலர் இன்னமும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. கொலையாளி நுழைந்த மூன்றாவது நிமிடமே போலீஸார் உள்ளே வந்துவிட்டார்கள். ஆனால் வகுப்பறைக்குள் புகுந்து அவனைச் சுட்டபோது 77 நிமிடம் கடந்திருந்தது.

இத்தனைக்கும் ஆள் பஞ்சம் இல்லை. மொத்தம் 376 பேர் வந்தார்கள். எல்லைக் காவல் படையினர் மட்டும் 149 பேர், மாநிலப் போலீஸ் 91. பள்ளி மாவட்டத்தின், அதாவது ஊர்ப் பள்ளிகளை நடத்தும் அமைப்பின், சொந்தப் போலீஸ் வெறும் 5 பேர். இப்படியொரு சம்பவம் நடந்தால் அந்தப் பள்ளிப் போலீஸின் தலைவர்தான் பொறுப்பேற்க வேண்டும் என்று திட்டத்தில் எழுதியிருந்தது. அவரோ, அன்று தான் தலைமை வகிப்பதாகவே நினைக்கவில்லை என்று பிற்பாடு சொன்னார். கையில் ரேடியோவும் இல்லை. உள்ளிருந்து ஒரு சிறுமி அவசர உதவி எண்ணான 911-ஐ மறுபடி மறுபடி அழைத்தாள். அந்தச் செய்தி தாழ்வாரத்தில் நின்ற பலரை எட்டவே இல்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சும்மாவா சொன்னார்கள்?

பயிற்சி இல்லையா என்றால், இருந்தது. இரண்டு மாதம் முன்புதான் அந்தப் பள்ளி மாவட்டப் போலீஸ் இதற்கென்றே பயிற்சி நடத்தியிருந்தது. 1999-இல் கொலராடோவின் கொலம்பைன் பள்ளித் துப்பாக்கிச் சூட்டில், சிறப்புப் படை வரட்டும் என்று வெளியே காத்திருந்ததில் ஓர் ஆசிரியர் ரத்தம் வடிந்தே இறந்துபோனார். அதிலிருந்து, காத்திருக்காதே, சுடுபவனை நோக்கி நேரே போ என்றுதான் அமெரிக்கப் போலீஸுக்குச் சொல்லித்தருகிறார்கள்.

இனி பூட்டுக்கு வருவோம். என்னைத் தூங்கவிடாத பகுதி இதுதான். கொலையாளி இருந்த 111-ஆம் வகுப்பறையின் பூட்டு சரியாக விழாது என்பது பள்ளியில் பலருக்கும் தெரியும். பழுதுபார்க்கச் சொல்லி ஒருவரும் எழுத்தில் கொடுக்கவில்லை. சாவிகளும் போதாது, அதனால் கதவு பூட்டிக்கொள்ளாமல் இருக்க கல்லையும் காந்தத்தையும் வைத்துச் சமாளித்தார்கள். அன்று போலீஸார் சாவி தேடி நிமிடங்களைக் கழித்தார்கள். அந்தக் கதவு அன்று பூட்டாமலேயே இருந்திருக்கக்கூடும் என்கின்றன விசாரணை அறிக்கைகள். கைப்பிடியைத் திருகிப் பார்த்தவர் யாருமில்லை.

இன்னொன்று, மெக்சிகோ எல்லைக்குப் பக்கத்து ஊர் என்பதால் போலீஸ் துரத்தும் வண்டிகளிலிருந்து ஆட்கள் இறங்கி ஓடுவது அங்கே வாடிக்கை. அதற்கு முந்தைய ஓராண்டுக்குச் சற்று அதிகமான காலத்தில் பள்ளிகளுக்கு ஏறக்குறைய 50 எச்சரிக்கைகள். வந்தவற்றில் பெரும்பாலானவை இதற்காகத்தான். அன்று வந்த எச்சரிக்கையையும் சிலர் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். ஆசிரியர்களை நான் குறை சொல்ல மாட்டேன். வாரத்துக்கு ஒன்று வந்தால் நீங்களும் நானும் அப்படித்தான் இருப்போம்.

இதற்கு நேர்மாறாக டென்னசி மாநிலத்தின் நாஷ்வில்லைப் பாருங்கள். 2023 மார்ச், கவனன்ட் பள்ளி. அங்கும் துப்பாக்கிச் சூட்டில் ஆறு உயிர் போயிற்று. ஆனால் போலீஸ் வந்ததும் பள்ளி ஊழியர் ஒருவர் வாசலிலேயே நின்று சாவியை நீட்டி, பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று சொன்னார். முதல் அழைப்பு வந்து 14 நிமிடத்தில் எல்லாம் முடிந்தது.

சரி, நாம் என்ன செய்யலாம்? டெக்சாஸில் ஒவ்வொரு பள்ளி மாவட்டத்திலும் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும் என்பது சட்டம். அதில் பெற்றோருக்கும் இடம் உண்டு. அங்கே போய்ப் பெரிய விஷயம் எதுவும் கேட்க வேண்டாம். மாஸ்டர் சாவி யாரிடம் இருக்கிறது, அவர் லீவு போட்டால் யாரிடம்? ஜிம்முக்குள் நின்றால் போலீஸ் ரேடியோ எடுக்கிறதா? அறை எண்கள் வெளி ஜன்னலிலும் தெரிகிறதா? மாவட்டப் போலீஸ், நகரப் போலீஸ், ஷெரிஃப் மூவரும் கடைசியாக எப்போது சேர்ந்து இந்தக் கட்டடத்தைச் சுற்றிப் பார்த்தார்கள்? போலி ரத்தம், வெடிச் சத்தம் வைத்துப் பிள்ளைகளைப் பயமுறுத்தும் ஒத்திகை எனக்கு உடன்பாடில்லை. ஒத்திகை பெரியவர்களுக்குத்தான் அதிகம் தேவை.

அடுத்த குழுக் கூட்டம் எப்போது என்று உங்கள் மாவட்ட அலுவலகத்தில் விசாரியுங்கள். இரண்டு பேராகப் போங்கள், பதிலைக் கையோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.