ஒன்றேகால் பஸ்

அன்பான நேயர்களே, வணக்கம். இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரியர்களைத் தேடிப் பிடித்துப் பயிற்சி கொடுக்கிற திட்டமொன்றைப் 11 வருஷம் நடத்தியவன் என்று சொல்லி என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். கல்வியைப் பற்றித்தான் பேசச் சொன்னார்கள். நான் பஸ்ஸிலிருந்து தொடங்கப் போகிறேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தயாரிப்பாளர் தம்பி என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார். பஸ்தான் தம்பி, கொஞ்சம் பொறுங்கள்.

மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டம். பெயர் வேண்டாம். தரம் 5 வரைக்கும் உள்ள சின்னப் பள்ளிக்கூடம். நான் எங்கே போனாலும் முதலில் பிள்ளைகளின் கொப்பிகளைத்தான் வாங்கிப் பார்ப்பேன். அதிபர் சொல்வதைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம், கொப்பி பொய் சொல்லாது. அன்றைக்கு ஐந்தாம் வகுப்புக் கொப்பிகளைப் புரட்டினேன். தமிழ்க் கொப்பி நிறைய எழுத்து. கணிதக் கொப்பியும் நிறைந்திருந்தது. சுற்றாடல் கொப்பியில் மட்டும் ஏழெட்டுப் பக்கம்தான், அதற்குப் பிறகு வெள்ளைத் தாள். வருஷக் கடைசி அது.

“ஏன் இதை எழுதல?” என்று கேட்டேன். முன்வாங்கில் இருந்த பையன் சர்வ சாதாரணமாகச் சொன்னான்: “அது பஸ் பாடம் சேர்.”

பஸ் பாடம்! பள்ளிக்கூடம் விடுவது ஒன்றரைக்கு. தோட்டத்திலிருந்து டவுனுக்குப் போகிற பஸ் ஒன்றேகாலுக்கு. அதை விட்டால் அடுத்தது ஐந்து மணிக்கு. டீச்சர் ஹட்டனிலிருந்து வருகிறவர், வீட்டில் கைக்குழந்தை. பஸ் நிற்கிற சந்திக்கு இறங்கி நடக்கவே இருபது நிமிஷம் வேண்டும். அப்படியென்றால் கடைசிப் பாடவேளை என்று ஒன்று அந்தப் பள்ளிக்கூடத்தில் கிடையாது. நேரசூசியில் மட்டும் இருக்கிறது. ஐந்து நாளும் அந்த இடத்தில் சுற்றாடல். அந்த டீச்சரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நேயர்களில் எத்தனையோ தாய்மார் இருப்பீர்கள், நீங்களே சொல்லுங்கள், ஐந்து மணி பஸ்ஸுக்கு நிற்பீர்களா?

பஸ் நேரத்தை முக்கால் மணித்தியாலம் தள்ளிப் போடச் சொல்லிக் கடிதம் எழுதினேன். மூன்று மாதம் கழித்து, கோரிக்கை பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வந்தது. இன்னும் பரிசீலனையில் இருக்கும் என்று நினைக்கிறேன். கடைசியில் அதிபரும் நானும் உட்கார்ந்து, கடைசிப் பாடவேளையை நாளுக்கொரு பாடமாக மாற்றி வைத்தோம். ஒரே பாடம் அடியோடு சாகாமல் எல்லாப் பாடமும் கொஞ்சம் கொஞ்சமாகக் காயப்பட்டது, அவ்வளவுதான். உண்மையான வைத்தியம் வேறே. நடந்து வரக்கூடிய தூரத்தில் ஆசிரியர் இருக்க வேண்டும்.

இது இன்று நேற்று முளைத்த வியாதி இல்லை. தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் படிப்புச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று 1907ஆம் ஆண்டே வெள்ளைக்காரன் சட்டம் போட்டான். 1920இல் இன்னொரு சட்டம் போட்டு அதை இறுக்கினான். நடந்தது என்ன? லயம் என்கிற வரிசை வீட்டுக் காம்பராவிலும், தாய்மார் வேலைக்குப் போகையில் குழந்தைகளை விடுகிற பிள்ளை மடுவத்திலும் ஒரு வாத்தியார், அவருக்கு முன்னால் எல்லா வயதுப் பிள்ளைகளும். 1945இல் நாட்டுக்கே இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பள்ளிக்கூடங்கள் வாசலுக்கு வெளியே நின்றன. அரசாங்கம் அவற்றைப் பொறுப்பெடுத்தது எழுபதுகளில்தான். பிறகு சுவீடன் உதவியில் கட்டடங்கள் எழும்பின. ஜெர்மனி உதவியில் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி வந்தது. கொட்டகலையில் ஆசிரியர் கலாசாலை இருக்கிறது. நல்ல ஆசிரியர்கள் ஆயிரக்கணக்கில் உருவாகியிருக்கிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நியமனம் கிடைத்த நாளிலிருந்து பல பேர் இடமாற்றத்துக்கு எழுதத் தொடங்குகிறார்கள். ஏன்? மறுபடியும் அதே ஒன்றேகால் பஸ்.

ஆகவே எங்கள் திட்டத்தில் நேர்முகப் பரீட்சையை டவுனில் வைப்பதை நிறுத்தினோம். உயர்தரம் படித்த பிள்ளைகள், ஏற்கெனவே தொண்டர் ஆசிரியராக இருக்கிறவர்கள், எல்லோரையும் அந்தந்தப் பள்ளிக்கூடத்துக்கே காலையில் ஏழரைக்கு வரச் சொன்னோம். மழை நாளாக இருந்தால் இன்னும் நல்லது. வந்து, இரண்டாம் வகுப்புக்குப் பதினைந்து நிமிஷம் பாடம் எடுக்க வேண்டும்.

அப்படி வந்தவர்களில் ஒரு பெண்பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேல் டிவிஷன் லயத்துப் பிள்ளை. அம்மா கொழுந்து எடுக்கிறவர். எழுத்துப் பரீட்சையில் புள்ளி குறைவு. செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு, காலில் அட்டை கடித்த இரத்தத்தைக் குழாயில் கழுவிவிட்டு வகுப்புக்குள் வந்தது. கழித்தல் கணக்கு. புத்தகத்தில் மாம்பழமும் பலூனும் இருந்தன. இந்தப் பிள்ளை புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கேட்டது:

“ஒங்க அம்மா பதினெட்டுக் கிலோ கொழுந்து எடுத்தாங்க. மடுவத்துல மூணு கிலோ கழிச்சிட்டாங்க. மிச்சம் எத்தன?”

ஒரு வாண்டு எழும்பிக் கேட்டான்: “ஏன் டீச்சர் கழிக்கணும்?”

நேயர்களில் தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் சூடு விளங்கும். கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் சாக்கு எடைக்கு, இலையில் ஒட்டிய தண்ணிக்கு என்று கழிக்கிற கதை பெரிய கதை. பரீட்சகர்கள் நாங்கள் மூன்று பேரும் பேனாவைக் கீழே வைத்துவிட்டோம். அந்தப் பிள்ளை ஒரு கணம்கூடத் தடுமாறவில்லை.

“ஏன்னு பெரட்டுக் களத்துல கேளு. எத்தனன்னு இங்க சொல்லு.”

பெரட்டுக் களம் என்றால் காலையில் ஆளைப் பிரித்து வேலைக்கு அனுப்புகிற இடம். வகுப்பே “பதினஞ்சு!” என்று கத்தியது. என் பக்கத்தில் இருந்த பரீட்சகர், பாடத்திட்டத்தில் இல்லாததைப் பேசியதற்குப் புள்ளி குறைக்க வேண்டும் என்றார். நான் அன்றைக்கு அவரோடு போட்ட சண்டையை இங்கே சொல்ல நேரமில்லை. பிள்ளையை எடுத்தோம்.

கதை அத்தோடு முடிந்திருந்தால் நான் இதைச் சொல்லவே மாட்டேன். உள்ளூர்ப் பிள்ளையைப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பது எங்களைப் போன்றவர்களின் ஏமாளித்தனம். ஆறாவது வாரம் அந்தப் பிள்ளை என் வீட்டு வாசலில் வந்து நிற்கிறது. “சேர், நான் கொழும்புக்குக் கார்மெண்ட்சுக்குப் போறேன்.” என்ன விஷயம்? பெற்றோர் யாரும் டீச்சர் என்று கூப்பிடுவதில்லை. மூக்கு ஒழுகத் திரிந்த காலத்திலிருந்து பார்த்தவர்கள், “ஏ பாப்பா” என்கிறார்கள். பாடம் நடக்கிற நேரத்தில் கங்காணி கதவடியில் வந்து, “பாப்பா, சேமலாப நிதிக் கடுதாசி வந்திருக்கு, என்னான்னு பாரு” என்று நீட்டுகிறார். பிள்ளைகள் சிரிக்கிறார்கள். வகுப்பு கையை விட்டுப் போகிறது.

எங்கள் பயிற்சிக் கையேட்டில் இதற்கு ஒரு வரிகூட இல்லை. ஓய்வு பெற்ற பழைய வாத்தியார் ஒருவர் இருந்தார். அவரை வாரத்துக்கு ஒரு நாள் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினேன், ஒரு தவணைக்கு. அவர் பெரிய போதனை எதுவும் செய்யவில்லை. காலையில் கேட்டடியில் நின்று, பெற்றோர் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுகிற நேரம் பார்த்து, தலைப்பாகையைக் கழற்றி உரத்த குரலில் “குட் மோனிங் டீச்சர்!” என்பார். எழுபது வயது மனிதர். கங்காணியின் வாத்தியாரும் அவரே! அடுத்ததாக, கடுதாசி வாசிப்பது இரண்டு மணிக்குப் பிறகு, வாசலில் ஒரு மேசை போட்டு என்று ஒழுங்கு பண்ணினார். கடுதாசி வாசிக்க வேண்டுமென்றால் வரிசையில் நிற்க வேண்டும். வரிசையில் நின்றவர்கள் தானாகவே “டீச்சர்” என்றார்கள். அந்தப் பிள்ளை இப்போது கலாசாலைப் பயிற்சியும் முடித்து நிரந்தர நியமனத்தில் இருக்கிறார். பார்த்தீர்களா, நானே “இருக்கிறார்” என்று மாறிவிட்டேன்.

அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: முதல் மூன்று மாதம். முதல் மூன்று மாதத்தில் யாராவது ஒருவர் போய்ப் பக்கத்தில் உட்கார வேண்டும். மேற்பார்வைக் கொப்பியோடு போகிறவர் வேண்டாம், தேத்தண்ணி குடித்துக்கொண்டு குறையைக் கேட்கிறவர் போதும். எங்கள் திட்டத்தை விட்டுப் போனவர்களில் அநேகமானவர்கள் அந்த மூன்று மாதத்துக்குள்தான் போனார்கள்.

காசையும் சொல்லத்தான் வேண்டும். 2015ஆம் ஆண்டை ஒட்டி, பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரிய உதவியாளர்களைச் சேர்த்தபோது மாதப்படி 6,000 ரூபாய். பிறகு 10,000 ஆனது. கொழும்பில் ஒரு புடவைக் கடையில் நின்றால் அதைவிடக் கூடக் கிடைக்கும். அப்படியிருந்தும் நின்று படிப்பித்த பிள்ளைகளை நான் கும்பிடுகிறேன்.

ஒரே மண்டபத்தில் ஐந்து வகுப்பு நடத்துவது எப்படி என்பதைக் கரும்பலகையில் கட்டம் போட்டுத்தான் காட்டுவேன், வானொலியில் முடியாது. ஒன்றை மட்டும் சொல்கிறேன். இடையில் சுவர் இல்லாத மண்டபம். மூன்றாம் வகுப்பு வாய்ப்பாடு கத்தினால் நான்காம் வகுப்புக்குக் கதை கேட்காது. ஆகவே ஆசிரியர்கள் முதல் நாள் சாயந்தரமே பேசிக்கொள்ள வேண்டும், நாளைக்கு எந்த நேரம் யார் கத்துவது, யார் எழுதுவது என்று. எங்கள் பயிற்சியில் இதற்கே இரண்டு நாள் ஒதுக்கினோம்.

தம்பி இரண்டு விரலைக் காட்டுகிறார். இரண்டு நிமிஷம். உயர்தரத்துக் கணித, விஞ்ஞான ஆசிரியர்களைப் பற்றித்தான் நான் அதிகம் எழுதிக் கொண்டுவந்தேன், நான்கு பக்கம் அப்படியே கிடக்கிறது. சுருக்கமாகச் சொன்னால், நுவரெலியாவில் ஒரு பிள்ளை தமிழில் பௌதிகவியல் படிக்க நினைத்தால் அலைந்து திரிந்தாவது ஒரு பள்ளிக்கூடத்தைப் பிடிக்கலாம். இரத்தினபுரி, கேகாலை, தெனியாயப் பக்கம் தமிழ்ப் பள்ளிக்கூடங்கள் சிதறிக் கிடக்கின்றன. அங்குள்ள பிள்ளை பெரும்பாலும் கலைப்பிரிவுக்குத்தான் போகிறது. விருப்பம் கேட்டு இல்லை, ஆசிரியர் இல்லாததால். விஞ்ஞானம் படித்த பிள்ளை அந்தப் பக்கத்திலிருந்து வந்தால்தான் விஞ்ஞான ஆசிரியர் அந்தப் பக்கத்தில் இருப்பார். ஆசிரியர் இருந்தால்தான் பிள்ளை வரும். இந்த முடிச்சை அவிழ்க்க நாங்கள் விடுமுறை வகுப்புகளில் ஒரு முயற்சி செய்தோம், அதிலே ஒரு வேடிக்கை நடந்தது… சரி, சரி, சிவப்பு விளக்கு மினுங்குகிறது. இன்னொரு நாள் கூப்பிட்டால் அதையும் சொல்கிறேன். வணக்கம்.