ஷூ முனையில் முகம் பார்க்கலாம்

நேயர்களுக்கு வணக்கம். ஆம்பூரில் ஒரு ஷூ தொழிற்சாலையின் ஃபினிஷிங் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்தவள் நான். தைத்து முடிந்த ஷூ அட்டைப் பெட்டிக்குள் போகும் முன் கடைசியாகக் கைபடுகிற இடம் அது. அந்தப் பழக்கத்தில், யாரைப் பார்த்தாலும் என் கண் முதலில் காலுக்குத்தான் போகும். நல்ல தோலில், நல்ல விலை கொடுத்து வாங்கிய ஷூ, கொஞ்ச நாளிலேயே மங்கி, மடிப்பில் வெடித்துக் கிடப்பதைப் பார்த்தால் மனசு கேட்காது. இத்தனைக்கும் அவர்கள் பாலிஷ் போடாதவர்கள் இல்லை. அள்ளி அள்ளிப் போட்டிருப்பார்கள். ஷூவின் முனையில் முகம் தெரிகிற அளவுக்குப் பளபளப்பு வேண்டும் என்றால் பாலிஷைக் குறைக்க வேண்டும், பொறுமையைக் கூட்ட வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

தோலின் மேற்பரப்பைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால், முடி இருந்த இடமெல்லாம் நுண்ணிய துளைகளும், அவற்றைச் சுற்றி மேடு பள்ளமுமாக இருக்கும். மேல் விழுகிற வெளிச்சம் நாலாபக்கமும் சிதறுவதால் தோல் மங்கலாகத் தெரிகிறது. காய்ந்த தார்ச்சாலையில் விளக்கின் பிம்பம் தெரியாது. மழை பெய்து ஜல்லிக்கு இடையே தண்ணீர் நிரம்பிவிட்டால், எதிரே வரும் வண்டியின் விளக்கு அப்படியே ரோட்டில் தெரியும். நாம் செய்யப்போவதும் அதேதான், தண்ணீருக்குப் பதிலாக மெழுகு. துளைகளை நிரப்பி, அதன் மேல் சமமான ஒரு மெழுகுத் தளம் கட்டுகிறோம். முகம் தெரிவது அந்த மெழுகில்.

பாலிஷ் டப்பாவில் இருப்பது மெழுகு, அதை இளக்கி வைத்திருக்கும் டர்பன்டைன் மாதிரியான ஒரு கரைப்பான், அப்புறம் சாயம். பூசியதும் கரைப்பான் காற்றில் பறந்துவிடும், மெழுகு இறுகித் தங்கும். நல்ல பாலிஷில் கார்னௌபா என்ற மெழுகு சேர்ப்பார்கள். பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனை வகையின் ஓலையில் படிவது அது. தேன்மெழுகு 62, 64 டிகிரி செல்சியஸிலேயே உருகும். கார்னௌபா உருக 80 டிகிரிக்கு மேல் வேண்டும். அவ்வளவு கெட்டியாக இருப்பதால்தான் தேய்க்கத் தேய்க்க மினுங்குகிறது.

இப்போது ஒன்றைக் கவனியுங்கள். புதிதாக வைக்கிற பாலிஷில் கரைப்பான் இருக்கிறது அல்லவா? அடியில் ஏற்கெனவே இறுகியிருக்கும் மெழுகையும் அது இளக்கிவிடும். கனமாகப் பூசினால் இதுவரை கட்டிய தளமே கலைந்து, துணியோடு வந்துவிடும். மினுங்கிக்கொண்டு வந்தது திடீரென்று புகை படிந்ததுபோல் மங்கியது என்று பலர் சொல்வதற்குக் காரணம் இதுதான். மெல்லிய பூச்சும், நடுவே காத்திருப்பதும் இதனால்தான் அவசியம்.

சரி, எந்த ஷூவுக்கு இது ஆகும்? வழவழப்பான, இயற்கையான மேற்புறம் உள்ள தோல் என்றால் மிக நல்லது. மேலே கனமாக பெயின்ட் ஏற்றிய தோலிலும் ஓரளவு வரும், ஆனால் மெழுகு பிடிக்க நேரமாகும். சொரசொரப்பான ஸ்வேட் ஷூவில் மெழுகு பாலிஷ் பட்டால் அந்த ஷூ பாழ். வாங்கும்போதே கண்ணாடிபோல் மின்னும் பேட்டன்ட் லெதருக்கு ஈரத்துணி போதும். ரெக்சினும் அப்படியே.

இன்னொரு முக்கியமான விஷயம், ஷூவின் எந்தப் பாகம் என்பது. நடக்கும்போது ஷூ விரல்களுக்குப் பின்னால் மடிகிறது. அந்த இடத்தில் மெழுகு அடுக்கு கட்டினால் முதல் அடியிலேயே வெள்ளை வெள்ளையாக விரிசல் விழும். முன்முனையிலும் குதிகால் பின்புறத்திலும் தோலுக்கு உள்ளே விறைப்பான தகடு வைத்துத்தான் ஷூ செய்கிறோம். அந்த இரண்டு இடங்களும் மடியாது. முகம் தெரிகிற மினுக்கம் அங்கே மட்டும் போதும். மற்ற இடத்தில் கிரீமும் பிரஷ்ஷும் தருகிற அமைதியான பொலிவே அழகு. ஷூ முழுக்க ஒரே மாதிரி மின்னினால், என் கண்ணுக்கு அது பிளாஸ்டிக்.

வேலையை ஆரம்பிப்போம். லேஸைக் கழற்றுங்கள். பிரஷ்ஷால் தூசி தட்டி, ஈரத்துணியால் துடைத்து, நிழலில் உலர விடுங்கள். மணல் துகள் ஒன்று தங்கிவிட்டாலும் பிறகு தேய்க்கும்போது அதுவே கீறும். ஷூவுக்குள் வைக்கிற கால் வடிவ மரக்கட்டை இருந்தால் அதை உள்ளே போடுங்கள், இல்லாவிட்டால் பழைய துணியை இறுக்கித் திணியுங்கள். அழுத்தித் தேய்க்கும்போது ஷூ அமுங்கக்கூடாது.

முதலில் கிரீம் பாலிஷ். மெழுகு தோலுக்குச் சாப்பாடு இல்லை. பதனிடும்போது தோலுக்குள் ஏற்றும் எண்ணெய்ப்பசை நாளாக ஆகக் குறையும். அதை ஓரளவு ஈடுகட்டுவது கிரீம்தான். ஷூ முழுக்க லேசாகத் தடவி, கால் மணி நேரம் விட்டு, குதிரைமுடி பிரஷ்ஷால் வேகமாகத் தேய்த்துவிடுங்கள்.

அடுத்து டப்பா பாலிஷ். கிவி, செர்ரி பிளாஸம் எதுவானாலும் சரி. கிவி பாலிஷுக்கு ஒரு பழைய கதை உண்டு. 1906-ல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் வில்லியம் ராம்சே என்பவர் அதைக் கொண்டுவந்தார். மனைவி நியூசிலாந்துக்காரர் என்பதால் அந்த நாட்டுப் பறவையின் பெயரை வைத்தார். முதல் உலகப் போரில் சிப்பாய்கள் பூட்ஸோடு பூட்ஸாக அது பல நாடுகளுக்கும் போய்ச் சேர்ந்தது. இந்த மினுக்கக் கலையும் பெருமளவு பட்டாளத்துச் சொத்துதான். நம் என்.சி.சி. பிள்ளைகள் அணிவகுப்புக்கு முந்தைய நாள் ராத்திரி உட்கார்ந்து செய்வதும் இதுவே.

பழைய காட்டன் பனியன் துணியை ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டிலும் சுருக்கம் இல்லாமல் இறுக்கிச் சுற்றி, மீதியை உள்ளங்கையில் முறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். விரல் நுனியில் ஒரு சுருக்கம் இருந்தாலும் மெழுகில் கோடு விழும். பாலிஷைத் தோண்டாமல், துணியால் மேலாகத் தொட்டு எடுத்து, முனையில் சின்னச் சின்ன வட்டமாகத் தேயுங்கள். தண்ணீர் இப்போது வேண்டாம். இப்படி இரண்டு மூன்று பூச்சு, நடுவில் பத்து நிமிட இடைவெளி. ஒரு ஷூ காயும்போது மற்றதைச் செய்யலாம். இந்தக் கட்டத்தில் பளபளப்பைத் தேடாதீர்கள், துளைகள் நிரம்பும் நேரம் இது.

அதன் பிறகு தண்ணீர். விரல் நுனியில் எடுத்து ஒரு சொட்டு, அவ்வளவுதான். மெழுகும் தண்ணீரும் ஒட்டாது. அதனால் துணிக்கும் இளகிய மெழுகுக்கும் நடுவில் அந்த ஈரம் நின்று, துணி மெழுகை இழுத்துக்கொண்டு வராமல் வழுக்கி ஓட வைக்கிறது. கொஞ்சம் பாலிஷ், ஒரு சொட்டுத் தண்ணீர், லேசான கை. வட்டம் வட்டமாகப் போய்க்கொண்டே இருங்கள். முதலில் மூடுபனி மாதிரி இருக்கும், பயப்படாதீர்கள். அடுக்கு ஏற ஏறக் கையின் அழுத்தம் குறைய வேண்டும். ஐந்தாறு அடுக்குக்குப் பிறகு மேலே இருக்கும் டியூப்லைட் ஷூ முனையில் கோடாகத் தெரிய ஆரம்பிக்கும். கடைசியாக, பாலிஷ் படாத சுத்தமான மல் துணியில் ஈரம் தொட்டு, எடையே இல்லாமல் ஒரு முறை. முதல் தடவை ஒரு ஜோடிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல்கூட ஆகலாம். அடுத்த வாரம் இரண்டு அடுக்கு ஏற்றினால் போதும்.

வீட்டில் ஒருவர் தரையில் உட்கார்ந்து ஷூவை மடியில் வைத்துத் தேய்த்தால், “இதையெல்லாம் வெளியே கொடுத்துச் செய்யக்கூடாதா?” என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். தோலைத் தொடுகிற வேலையைக் கீழாகப் பார்க்கும் அந்தப் புத்தி நம்மிடம் இன்னும் முழுசாகப் போகவில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று எங்கள் பக்கத்தில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இந்தத் தோலில்தான் பிழைக்கின்றன. தொழிற்சாலைகளில் வேலை பார்ப்பவர்களில் ஏராளமானோர் பெண்கள். செருப்பு தைப்பவரையும், தெருவோரம் பாலிஷ் போடுபவரையும் ‘நீ, வா, போ’ என்று பேசுவதைக் கேட்டால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும். உங்கள் ஷூவை உங்கள் கையாலேயே ஒரு முறை மினுக்கிப் பாருங்கள், அந்தக் கைகளுக்குள் எவ்வளவு விஷயம் இருக்கிறது என்று தெரியும்.

சில எச்சரிக்கைகள். தேங்காய் எண்ணெய், வாசலின், வாழைப்பழத் தோல் எதையும் தடவாதீர்கள். அந்த நிமிடம் மின்னும். பிறகு தோல் கருக்கும், தூசியை இழுக்கும், எண்ணெய் ஊறிய இடத்தில் மெழுகு இறுகாது. ஸ்பாஞ்ச் வைத்த உடனடி மினுக்கத் திரவங்களை அவசரத்துக்கு ஒரு நாள் போடலாம், தினமும் போட்டால் மேலே ஒரு படலம் கட்டி மடிப்பில் உரியும். பாலிஷை இளக்குகிறேன் என்று டப்பாவில் தீக்குச்சி கொளுத்துகிற பழைய பட்டாளத்து வழக்கம் ஒன்று உண்டு. தயவுசெய்து வேண்டாம், அதிலுள்ள கரைப்பான் சட்டென்று தீப்பிடிக்கும். உண்மையில் டப்பா கொஞ்சம் காய்ந்திருந்தால் இந்த வேலைக்கு நல்லதுதான், கரைப்பான் குறைவாக இருக்குமே! பழுப்பு நிற ஷூ என்றால், லேஸுக்கு அடியில் இருக்கும் ஷூ நாக்கின் உள்பக்கம் தடவி நிறம் பார்த்த பிறகே மேலே போடுங்கள்.

நம் ஊர் மழைக்காலத்தில் மூடிய பெட்டிக்குள் ஷூவை வைத்தால் பூஞ்சை பிடிக்கும். காற்று படும் அலமாரியில் வையுங்கள். நனைந்துவிட்டால் உள்ளே செய்தித்தாள் திணித்து, ஈரம் ஏறிய தாளை மாற்றிக்கொண்டே இருங்கள். வெயிலில் வைத்துக் காய வைத்தால் தோல் விறைத்து வெடிக்கும். இன்று போட்ட ஷூவுக்கு நாளை ஓய்வு கொடுங்கள், கால் வியர்வை உலர ஒரு நாளாவது வேண்டும்.

வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை, கட்டிய மெழுகை எல்லாம் எடுத்துவிட வேண்டும். பழைய அடுக்குகள் மஞ்சளித்து, சிறு சிறு கீறலோடு தடித்துப்போகும். அதன் மேல் எவ்வளவு தேய்த்தாலும் வராது. காற்றோட்டமான இடத்தில், துணியில் சில சொட்டு டர்பன்டைன் தொட்டு மெதுவாகத் துடைத்தால் கரைந்து வந்துவிடும். ஓர் இரவு அப்படியே விட்டு, மறுநாள் கிரீமிலிருந்து மறுபடி ஆரம்பியுங்கள்.

நன்றி, வணக்கம்.